ஒரு கிழமை சாப்பாட்டை நிறுத்துப் பார்த்தேன்: உலகத்தோடு ஒப்பிட்டால் நம் தட்டு எப்படி?

1. மூன்றாம்மாடி (வெள்ளவத்தை), ஞாயிறு இரவு 9.12

போன மாதம் இரத்தம் சோதித்ததில் சீனி எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். மருந்து வேண்டாம், சாப்பாட்டைக் கவனித்துவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டொக்டர். என்ன சாப்பிடுவீர்கள் என்று அவர் கேட்க, "வழமையான சாப்பாடுதான்" என்றேன். எழுத ஒன்றும் கிடைக்காமல், பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசு ஒன்று அலுமாரியில் கிடந்தது. ஒரு கிழமை முழுக்க வாய்க்குள் போனதையெல்லாம் நிறுத்து எழுதினேன். ஒப்பீஸில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக் கறி கறியாகத் தராசில் வைத்ததைப் பார்த்து, "தங்கம் விற்கிறவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

செவ்வாய்க்கிழமையை மட்டும் இங்கே போடுகிறேன். மற்ற நாட்களும் ஏறக்குறைய இதே கதைதான். காலையில் எட்டு இடியப்பம், சொதி, சம்பல். பத்து மணிக்கு ஒரு மாலு பணிஸ். மத்தியானம் கொள்ளுப்பிட்டியில் வாங்கிய கோழிப் பார்சல். பின்னேரம் இரண்டு பிஸ்கட், ஒரு கதலி வாழைப்பழம். இரவு அரை றாத்தல் பாண், பருப்பு, முட்டைப் பொரியல். இடையிடையே பால்மா போட்ட தேத்தண்ணீர் ஐந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி.

அந்தப் பார்சல் 640 கிராம். அதில் சோறு 455. கோழி எலும்போடு 60, பருப்பு 50, குழம்பு 30, போஞ்சி 25, கீரைச் சுண்டல் 20. எண்ணினால் நாலு கறி. நிறுத்தால் மரக்கறி 45 கிராம். அன்று முழுவதும் சாப்பிட்ட மரக்கறியையும் பழத்தையும் கூட்டினால் 120ஐத் தாண்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது.

455 கிராம் சோறு என்பது அரிசியாக ஏறக்குறைய 165 கிராம். தினமும் ஒரு நேரம் இந்த அளவு சாப்பிட்டால் வருடத்துக்கு 60 கிலோ. யப்பானில் ஒருவர் இப்போது வருடம் முழுக்கச் சாப்பிடும் அரிசியே 50 கிலோ அளவில்தான். 1962இல் அவர்களும் 118 கிலோ சாப்பிட்டவர்கள்தான், பிறகு குறைந்துகொண்டே வந்துவிட்டது. அவர்களுடைய வருடத்தை என்னுடைய மத்தியானம் முந்திவிட்டது.

வேறு நாட்டுச் சாப்பாட்டோடு உங்கள் தட்டை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கலோரி எண்ணும் செயலி, பவுடர் எல்லாம் வேண்டாம். தட்டில் உண்மையில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள்.

2. பருப்புக்கறி (கொட்டாஞ்சேனை), ஞாயிறு இரவு 9.40

தலைப்பைப் பார்த்து, ஒரு கிழமை சாப்பாட்டையே நிறுத்திவிட்டீர்களாக்கும் என்று பயந்துபோய் உள்ளே வந்தேன்.

தம்பி, கடைப் பார்சலை நிறுத்துவிட்டு "நம் தட்டு" என்று தலைப்புப் போடாதீர்கள். கடைக்காரருக்கு வயிறு நிரப்ப மலிவான சாமான் சோறுதான். 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவு விலை முந்திய வருடத்தைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அன்றைக்குச் சுருங்கிய கறிக் கரண்டி பிறகு பெருக்கவே இல்லை. விலை ஏறுகிற வேகம்தான் குறைந்தது, விலை எங்கே குறைந்தது?

ஆனால் உண்மையைச் சொன்னால் வீட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. நாலரைக்கு எழும்பி மூன்று கறி வைக்கிறேன். சின்னவன் போஞ்சியை விரலால் ஓரம் கட்டிவிட்டுப் பருப்புச் சோறு மட்டும் சாப்பிடுவான். அவன் அப்பா சட்டியைத் திறந்து "இன்றைக்குத் தொட்டுக்கொள்ள என்ன?" என்பார். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கறியை நாம் தொட்டுக்கொள்கிறோம், சாப்பிடுவதில்லை.

3. பழஞ்சோறு (தெகிவளை), ஞாயிறு இரவு 10.25

ஏன் யப்பானுக்குப் போகிறீர்கள்? நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்டதைவிடவா? குரக்கன் பிட்டு, ஒடியல் கூழ், சிவப்பரிசிச் சோறு, முருங்கை இலை, வல்லாரைச் சம்பல். எங்கள் அம்மம்மா 91 வயதுவரை கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தவர். எப்போது பாணும் பால்மாவும் வந்ததோ அன்றைக்கே வந்தது எல்லா வருத்தமும். உலக உணவு எல்லாம் பணக்காரர் விளையாட்டு.

4. வெள்ளைத்தொப்பி (மருதானை), திங்கள் காலை 6.05

இரவுக் கடமை முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழஞ்சோறு அண்ணா, அம்மம்மாவின் கண் நல்ல கண். ஆனால் அந்தச் சாப்பாட்டை அவர் தெரிவு செய்து சாப்பிட்டாரா, அது மட்டும்தான் கிடைத்ததா? ஒகினாவாத் தீவின் கதையும் இதுதான். நூறு வயதுக்காரர்கள் நிறைந்த இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். 1949 அளவில் அந்த மக்களின் சாப்பாட்டில் பாதிக்கும் மேலே வற்றாளங்கிழங்கு. அரிசி கிடைக்காத ஏழைகளின் சாப்பாடு அது. கையில் காசு வந்ததும் அவர்களும் டின் இறைச்சிக்கும் பர்கருக்கும் போனார்கள். 2000இல் ஒகினாவா ஆண்களின் ஆயுள் யப்பானின் 47 மாகாணங்களில் 26ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது. கிழங்கைச் சாப்பிட்டவர்கள் கிழங்கின் மேல் ஆசைப்பட்டுச் சாப்பிடவில்லை.

சிவப்பரிசி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 1890களில் யாவாவில் ஐக்மன் என்ற ஒல்லாந்து மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் நடக்க முடியாமல் விழுவதையும், தவிடு கலந்து கொடுத்தால் தேறுவதையும் கண்டார். அதிலிருந்துதான் பி1 உயிர்ச்சத்தின் கதை பிறந்தது, 1929இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் ஆட்கள் புழுங்கல் அரிசியை விரும்பியதிலும் ஒரு நன்மை உண்டு, நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்தில் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும். எல்லாம் சரி. ஆனால் 455 கிராம் சிவப்பரிசிச் சோறும் 455 கிராம் சோறுதான். கிளினிக்கில் "நான் சிவப்பரிசிதான் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு மலை மாதிரிப் போட்டுச் சாப்பிடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மூன்றாம்மாடித் தம்பி, சோற்றைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், தேத்தண்ணீரைக் கடந்து போய்விட்டீர்களே. அந்தச் சீனி எத்தனை கிராம்?

5. மூன்றாம்மாடி, திங்கள் காலை 8.50

அக்கா பிடித்துவிட்டீர்கள். ஒரு கோப்பைக்கு 9 கிராம். ஐந்து கோப்பைக்கு 45.

6. வெள்ளைத்தொப்பி, திங்கள் மத்தியானம் 2.30

2016இலிருந்து இங்கே சோடாப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள் இல்லையா? 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2க்குக் குறைந்தால் பச்சை. உங்கள் கோப்பை 150 மில்லிலீற்றர் என்று வைத்தால் 100க்கு 6 கிராம். செம்மஞ்சள் வட்டம். சோடா குடிப்பதில்லை என்று பெருமைப்படுகிற எத்தனையோ பேர் ஒரு நாளைக்கு ஐந்து செம்மஞ்சள் வட்டம் குடிக்கிறார்கள். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சேர்த்த சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் 45இல் பிஸ்கட்டும் பணிஸும் இன்னும் சேரவில்லை.

7. மலைச்சாரல் (புறக்கோட்டை), திங்கள் இரவு 8.15

நான் ஹட்டன் பக்கம், இப்போது புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. பழஞ்சோறு ஐயா சொல்லும் பாட்டன் பூட்டன் எங்கள் பக்கம் ஒடியல் கூழ் குடிக்கவில்லை. எங்களுக்குக் கோதுமை மா ரொட்டி. விடியற்காலையில் ரொட்டி, மலையில் பகலுக்கும் ரொட்டி, கட்டச் சம்பல். தட்டில் சோறு வந்தால் அது இரவு. தேயிலை விளையும் இடத்தில் நாங்கள் குடித்தது தூள் தேத்தண்ணி, சீனியைக் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள். கணக்குப் பார்த்தால் அதில் சீனி குறைவுதான் போல.

எகிப்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது நம்மூர் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன். அங்கே மானிய அட்டைக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரொட்டி. ஒன்று 5 பியாஸ்டர் என்று முப்பது வருடத்துக்கு மேல் இருந்ததை 2024 யூனில் 20 ஆக்கினார்கள். அதையும் ஃபூல் என்கிற அவித்த பயற்றையும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். எங்கள் கடையில் ஒரு மூட்டை மாவின் விலை ஏறினால் அடுத்த கிழமை எந்தத் தோட்டத்துக் கடைக்காரர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாணால்தான் வருத்தம் வந்தது என்பவர்கள், பாண் இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு என்ன வந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

8. மட்டுறுத்துநர், திங்கள் இரவு 9.00

சீனி வியாதியை 21 நாளில் ஓட்டும் இலைச்சாறு விற்க வந்தவரின் பதிவும், அவரை வாழ்த்திய மூன்று பதிவுகளும் (நாலும் ஒரே ஆள்) நீக்கப்பட்டன. தொடருங்கள்.

9. கடலோடி (கல்கிசை), செவ்வாய் காலை 7.20

நாலு வருடம் மாலைத்தீவில் ஹோட்டல் சமையலறையில் இருந்தேன். அங்கே விளைவதென்று பார்த்தால் மீனும் தேங்காயும்தான், அரிசி, மா, சீனி, வெங்காயம் எல்லாம் கப்பலில் வர வேண்டும். காலைச் சாப்பாடு மஸ் ஹுனி: சூரை மீன், துருவின தேங்காய், வெங்காயம், மிளகாய், தேசிக்காய். கையால் பிசைந்து மெல்லிய ரொட்டியோடு சாப்பிடுவார்கள். முதல் நாள் வாயில் வைத்ததும் எனக்கு அழுகை வந்தது, அம்மாவின் சம்பல் மாதிரியே. வித்தியாசம் என்னவென்றால், நாம் சம்பலில் மாசிக் கருவாட்டைக் கிள்ளிப் போடுவோம். அவர்கள் மீனைப் போட்டு அதில் தேங்காயைக் கிள்ளிப் போடுவார்கள். அதே சாமான்தான், தலைகீழாக. மத்தியானம் கருதியா என்று தெளிந்த மீன் சாறு, சோறு, மிளகாய், தேசிக்காய். அவ்வளவுதான். ஆனால் மீன் துண்டு உள்ளங்கை அளவு இருக்கும்.

மரக்கறி? அங்கே நம்மைவிட மோசம். எதற்கும் ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு அது சொர்க்கம் என்று சொல்லக்கூடாது.

10. பழஞ்சோறு, செவ்வாய் காலை 9.10

தேங்காயைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். தேங்காய் கெடுதல் என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பயப்படுத்திவிட்டார்கள். பசிபிக்கில் டோக்கெலாவ் என்று குட்டித் தீவுகள் இருக்கின்றன. அங்கே சாப்பாட்டுச் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்து வந்தது. நியூசிலாந்து மருத்துவர்கள் ஆராய்ந்து 1981இல் எழுதினார்கள்: இரத்தத்தில் கொழுப்பு கூடத்தான், இருதய வருத்தம் அங்கே அரிது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

11. வெள்ளைத்தொப்பி, செவ்வாய் இரவு 11.45

அந்த ஆய்வு உண்மை, அண்ணா. ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் தேங்காயோடு மீனும் ஈரப்பலாக்காயும் சாப்பிட்டார்கள், படகு வலித்தார்கள், மரம் ஏறினார்கள். நாம் தேங்காய்ப்பாலோடு அரை றாத்தல் பாணும் சாப்பிட்டுவிட்டு லிப்டில் ஏறுகிறோம். ஒரு சாமானை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தால் கணக்கு வராது.

12. பருப்புக்கறி, புதன் காலை 5.10

தேங்காய் நல்லதா கெட்டதா என்று நீங்கள் பேசி முடியுங்கள். அது 200 ரூபாயைத் தாண்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் முதற்பால் மட்டும்தான் கறிக்கு, பிழிந்த பூவைக் காயவைத்துச் சம்பலுக்கு. பேலியகொடைச் சந்தை விலைதான் இந்த வீட்டு டொக்டர்.

13. ஒல்லாந்து_மருமகன் (பம்பலப்பிட்டி, இப்போது ரொட்டர்டாம்), புதன் மாலை 4.30

பிறந்தது பம்பலப்பிட்டி, பதினொரு வருடமாக இங்கே. இந்த நாட்டுக்காரரின் காலைச் சாப்பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாணில் வெண்ணெய் பூசி, அதன் மேல் சொக்லட் துகள் தூவிச் சாப்பிடுகிறார்கள். குழந்தைகள் மட்டும் அல்ல, கோட் போட்ட ஆட்களும். மத்தியானமும் பாண்தான், உள்ளே சீஸ் ஒரு துண்டு. ஒப்பீஸில் நான் சோறு சூடாக்கினால் எல்லோரும் மணம் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பார்கள். சூடான சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் ஆறு மணிக்கு. எட்டு மணிக்குப் பிறகு ஒருவர் வீட்டுக்குப் போனால் ஒரு கோப்பியும் ஒரு பிஸ்கட்டும். (ஒரு பிஸ்கட். டின்னை மூடிவிடுவார்கள்.)

ஆனால் அந்த ஆறு மணித் தட்டைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. ஒரு ஆளுக்கு 250 கிராம் மரக்கறி என்பது இங்கே அரசாங்கம் சொல்லும் அளவு. எல்லோரும் அப்படிச் சாப்பிடுவதில்லை, ஆனால் தட்டில் மூன்றில் ஒரு பங்கு மரக்கறி இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. ருசி? உப்புப் போட்டு அவித்த போஞ்சி. எங்கள் அம்மா வந்து நின்ற மூன்று மாதமும் "பாவங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தா.

இன்னொன்று. எங்கள் மாடியில் ஒரு எத்தியோப்பியக் குடும்பம். புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொட மாட்டார்கள், தவக்காலம் எல்லாம் சேர்த்தால் வருடத்தில் 180 நாளுக்கு மேல் வரும். அந்த நாட்களில் இஞ்சேரா என்கிற பெரிய புளித்த மா ரொட்டி ஒன்றின் மேல் பருப்பு, கடலைமாக் கறி, கோவா, பீட்ரூட், கீரை என்று குவியல் குவியலாக வைத்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். விரதம் என்று கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் கலியாண வீடு.

14. மூன்றாம்மாடி, புதன் இரவு 10.05

ஒல்லாந்து அண்ணா, உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு என் கொப்பியைத் திரும்ப எடுத்தேன். ஏழு நாளில் ஒரு நாள் மட்டும் எண் துள்ளி நின்றது, அதை நான் பிழையாக எழுதியதாக நினைத்து விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை: மரக்கறி 270 கிராம். பழத்தோடு 330.

வெள்ளி எங்கள் வீட்டில் சைவம். அன்றைக்கு ஒப்பீஸ் போகாமல் வீட்டில் இருந்தேன், வெள்ளவத்தைச் சைவக்கடையில் பார்சல். கத்தரிக்காய்க் குழம்பு, பூசணி, கீரை, போஞ்சி, பருப்பு. இறைச்சி இல்லாத நாளில் மட்டும் கடைக்காரரும் மரக்கறியைக் கறியாக மதித்துப் போடுகிறார். கோழி வந்துவிட்டால் போஞ்சி அலங்காரம் ஆகிவிடுகிறது. பருப்புக்கறி அக்கா சொன்ன "தொட்டுக்கொள்ள" அங்கேதான் கிடக்கிறது.

சோறு மட்டும் அன்றைக்கும் 430.

15. பருப்புக்கறி, வியாழன் காலை 5.00

நான் அப்போதே சொன்னேன். ஆனால் சைவம் என்றாலே மரக்கறி என்று நினைக்காதீர்கள். எங்கள் மாமி வீட்டுச் சைவ நாளில் உருளைக்கிழங்குப் பிரட்டல், சோயாமீற், அப்பளம், பாயாசம். பச்சையாக ஒன்றும் இருக்காது, கறிவேப்பிலையைத் தவிர.

16. கடலோடி, வியாழன் காலை 8.30

சோற்றை எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லவில்லை. பாதித் தட்டு மரக்கறி என்று படம் போட்டு ஒட்டிவைக்கலாம், மத்தியானம் இரண்டு மணிப் பசியில் யார் படத்தைப் பார்க்கிறார்கள்? ஹோட்டலில் நாங்கள் செய்த வேலை ஒன்றுதான்: பஃபேயில் சோற்றுக் கரண்டியைச் சின்னதாக்கி, மரக்கறிக் கரண்டியைப் பெரிதாக்கி வைப்போம். முதலாளி செலவுக்காகச் செய்யச் சொன்னது அதற்கு நேர் எதிர், அது வேறு கதை.

17. பழஞ்சோறு, வியாழன் இரவு 9.55

சரி, நானும் இன்றைக்கு நிறுத்தேன். மருமகளிடம் தராசு வாங்கி, சிவப்பரிசிச் சோறு. 510.

யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

18. மூன்றாம்மாடி, அடுத்த புதன் இரவு 8.40

ஒரு கிழமை கழித்து வருகிறேன். தேத்தண்ணீர் மூன்றாகி, சீனி ஒரு கரண்டியாகிவிட்டது. முதல் நாலு நாள் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது, இப்போது பரவாயில்லை. பாணை விட முடியவில்லை. வேலை முடிந்து வரும்போதே ஒழுங்கைக்குள் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ பீத்தோவனை வாசித்துக்கொண்டு நிற்கிறது, மனுசன் என்ன செய்வான்?

பார்சல் கதைதான் சொல்ல வந்தேன். வழமையான கடையில் போய், சோறு பாதி, மரக்கறி இரண்டு மடங்கு, காசு கூடவானாலும் பரவாயில்லை என்று கேட்டேன். முதலாளி சம்மதிக்கவில்லை. "சோற்றைக் குறைத்தால் பார்சல் சின்னதாகத் தெரியும் தம்பி. நீங்கள் கேட்டு வாங்கியது வரிசையில் நிற்கிறவருக்குத் தெரியுமா? இந்தக் கடை அளவைக் குறைத்துவிட்டது என்று போய்ச் சொல்வார்." 2022க்குப் பிறகு எத்தனை பேரிடம் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பாரோ, சொல்லும்போதே முகம் மாறியது. கடைசியில் மரக்கறிக்கு வேறாகக் காசு வாங்கிக்கொண்டு இரண்டு மடங்கு போட்டார். சோற்றில் கை வைக்கவில்லை.

அதனால் பாதிச் சோற்றைப் பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுக்கத் தொடங்கினேன். இன்றைக்கு நிறுத்தது: சோறு 230, மரக்கறி 110. அவர் நேற்றிலிருந்து வீட்டிலிருந்து சோறு கொண்டுவருவதை விட்டுவிட்டார், கறி மட்டும்தான் கொண்டுவருகிறார். தராசையும் இப்போது அவர்தான் வைத்திருக்கிறார்.